தொண்ணூற்று நான்கு

என் தாளில் இருப்பது இவ்வளவுதான்:
ஒரு தடித்த கோடு, அதன் தலையில் 94.
தொண்ணூற்று நான்கு கட்டம் சும்மா நிற்க வேண்டும்.
பிறகு ஒரே ஓர் அடி,
மிக மெல்ல.

டிம்பனிக்காரனுக்கு இசை என்பது
பெரும்பாலும் எண்ணிக்கை.
பகலில் மீன் கிடங்குகளில் குளிர்பெட்டி பழுதுபார்க்கிறேன்.
அங்கும் இதே வேலை:
நின்ற மோட்டார் மறுபடி உறுமும்வரை
காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
இரண்டு, இரண்டு, மூன்று, நான்கு.

பிப்ரவரி முதல் தேதி. ஸீலாந்தில் ஒரு தீவுத் தேவாலயம்.
இரைகிறது என்று ஹீட்டரை அணைத்துவிட்டார்கள்.
வயலின்காரர்கள் விரல் வெட்டிய கையுறைகளில்.
மூன்றாம் தூணில் ஒரு பித்தளைக் கோடு:
ஐம்பத்து மூன்றில் கடல் இதுவரை வந்தது.
நிற்கிற எனக்கு அது நெஞ்சளவு.
உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும்
தலைக்கு மேலே.

பத்தொன்பது, இரண்டு, மூன்று, நான்கு.

நான் இந்தத் தீவுக்காரன் இல்லை.
லிம்பர்க்கில், குன்றுகளுக்கு நடுவே
கடலைக் காலண்டரில் பார்த்து வளர்ந்தவன்.
வந்து பன்னிரண்டு வருஷம். இன்னும் ‘அந்த லிம்பர்க்காரன்’தான்.
நிகழ்ச்சித் தாளின் கடைசிப் பக்கம் முழுக்கப் பெயர்கள்,
அதன் மறுபுறம் பேக்கரி விளம்பரம்.
என் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று
இரண்டு முறை தேடினேன்.
இருக்காது என்று தெரிந்தும்.

நாற்பது. கோரஸ் எழுந்து நிற்கிறது,
நாற்காலிகள் ஒரே மூச்சில் கிறீச்சிட.

பாஸ் வரிசை ஓரத்தில் லேன்டர்ட் கோலெ.
ஆறு வயதில் ஓட்டுக்கூரையில் இரண்டு இரவு.
ஒத்திகை இடைவேளையில் ஒருமுறை சொன்னார்:
“நாய் ரொம்ப நேரம் குரைத்தது.
அப்புறம் குரைக்கவில்லை.”
சொல்லிவிட்டுச் சர்க்கரை கேட்டார்.

ஆல்ட்டோவில் யாகோமின்.
‘தண்ணீர்’ என்ற சொல் வரும்போதெல்லாம்
வாயை மூடிக்கொள்வாள்.
பத்து ஒத்திகையிலும் அப்படித்தான்.
இசை நடத்துகிற ஹில்டேவுக்குத் தெரியும், கேட்டதில்லை.
அக்கம்பக்கத்துக் குரல்கள்
அந்தச் சொல்லை அவளுக்கும் சேர்த்துப் பாடும்.

எழுபத்தொன்று, இரண்டு, மூன்று,

இன்று பாடுகிறாள்.
வாய் திறந்து, கண் திறந்து,
சொல்லின் கடைசி எழுத்துவரை.

எழுபத்திரண்டா, மூன்றா?
எண்ணிக்கை என் கையை விட்டுப் போயிற்று.

குரல்கள் வடிகின்றன. செல்லோக்கள் வில்லை எடுத்துவிட்டன.
ஹில்டேவின் இடக்கை என் பக்கம் திறக்கிறது.
இதுதானா?
கோல் அந்தரத்தில். தோல்மேல் வெறும் மௌனம்.
யாரும் இருமவில்லை.
வெளியே காற்று ஈயக்கூரையைத் தடவிப்போவது
எல்லோருக்கும் கேட்டது.
அப்புறம் அடித்தேன்.
ஒரு கட்டம் தாமதம்.

கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.
கோட்டுகள் மட்டும் சரசரத்தன.
பெடலைத் தளர்த்திக்கொண்டிருந்தவன் பக்கம்
லேன்டர்ட் வந்தார்.
“அடிக்கு முன்னால் அந்த இடம்.
உனக்கு முன்னே இருந்தவன் எப்போதும் அவசரப்படுவான்.”

தப்பு அது, எண்ண விட்டுவிட்டேன் என்றேன்.
கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை,
தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாடகைத் தாள்கள் இவை.
பென்சில் குறிகளை அழித்துத்தான் திருப்பித் தர வேண்டும்.
நள்ளிரவில் சமையலறை மேஜையில்
ஒவ்வொன்றாக அழித்தேன்:
அம்புகள், கண்ணாடிப் படங்கள்,
‘ஹில்டேயைப் பார்!’

94க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி,
ஓர் ஒன்று.
அதை இப்போதுதான் எழுதினேன்.