சாரம்

சைதாப்பேட்டை கறிக்கடையில் கமாலுதீன் பாய்
இப்போதெல்லாம் எதற்கென்று கேட்பதில்லை.
ஆட்டின் மூச்சுக்குழலை நீளமாக அறுத்து
ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டு
காசு வேண்டாம் என்கிறார்.
"நாய்க்குப் போடுறதுதானே."

தரமணியில், மூன்றாவது மாடியில்
அதற்குப் பதினேழு நாள் குளியல்.
சோப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், மறுபடி சோப்பு.
கொஞ்சம் கொஞ்சமாக
ஆடு அதைவிட்டு வெளியேறும்.
மிஞ்சுவது நுங்குபோல் வெளுத்த ஒரு குழாய்,
வளையம் வளையமாய், யாருமில்லாத வீடு.

சாரம் என்கிறோம்.
எதிர்க் கட்டடத்தில் சவுக்குக் கம்பில்
கட்டியிருப்பதும் சாரம்தான்.
வேலை முடிந்ததும் அதை அவிழ்த்துவிடுவார்கள்.
இதை, குடிவந்தவர்களே தின்று தீர்த்து
தங்கள் சுவரைத் தாங்களே எழுப்பிக்கொள்வார்கள்
என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

குடிவந்தவர்கள் ராயபுரம் எபநேசரின் ஆட்கள்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். தொண்டையில் ஓட்டை;
பேச வேண்டுமென்றால் விரலால் மூடிக்கொள்வார்.
மூக்குக் குருத்திலிருந்து பட்டாணியளவு எடுக்குமுன்
படிவத்தைப் படித்துக் காட்டினேன்:
இது உங்களுக்குப் பொருத்தப்படாது.
பத்து வருஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்.
விரலை வைத்து மூடினார்.
"எய்திக்கப்பா."
மூச்சை வீணாக்காத மனுஷன்.

மே பதினெட்டு ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இன்குபேட்டரை மட்டும் பார்த்துக்கொள்ளும்,
ஏ.சி. அதன் பொறுப்பில்லை.
சூடாக்கத் தெரிந்த பெட்டி அது,
குளிர்விக்கத் தெரியாது.
அறையில் முப்பத்தொன்பது.
உள்ளே முப்பத்தேழு புள்ளி ஆறு, ஏழு, எட்டு.
ஊரே காய்ச்சலில் கிடக்கும்போது
உள்ளே ஒருவருக்கு மட்டும் வரக்கூடாது.

பைக்கில் காசிமேடு போனேன்.
ஒரு மணிக்கு அங்கே பகல்.
ஐஸ் பாரைக் கோணியில் சுற்றிக் கொடுத்த பையன்
"இன்னா போட்டு?" என்றான்.
எபநேசர் பேரைச் சொன்னேன்.
"அவரு பூட்டாரே. நாப்பது நாளாச்சு."

தரமணி வரைக்கும் முதுகில் சொட்டிக்கொண்டே வந்தது.

பெட்டியைச் சுற்றி ஐஸை அடுக்கினேன்.
ஆய்வகம் முழுக்க மீன் வாடை,
காலையில் மேடம் என்னைக் கொல்லப்போகிறார்.
நாலரைக்கு கரண்ட் வந்ததும்
குடுவைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மூன்றாவது கலங்கியிருந்தது, குப்பைக்கு.
மற்ற இரண்டிலும் சிவப்பு ஊடகம்
மஞ்சளாகத் திரும்பியிருந்தது.
மஞ்சள் என்றால் பசி.

நான் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை.
புதுக் கையுறை மாட்டிக்கொண்டு
ஐந்து மில்லி ஊற்றினேன்.