இடது கால்

செப்டம்பரில் லேலோ ஒற்றைக் காலில் நின்றது
மூன்று விநாடி.
எழுதிக்கொண்டேன்.

பிறகு செவ்வாயும் வெள்ளியும்
டார்ட்டு மழலையர் பள்ளியின் கூடத்தில்
பதினோரு பேர் ஒரே பந்தின் பின்னால்.
கோல் எந்தப் பக்கம் என்று யாருக்கும் கவலையில்லை.
மாரிக்கா விசில் ஊதினால் நிற்க வேண்டும்;
லேலோ மட்டும் இன்னும் இரண்டடி வழுக்கிப் போய்
சுவரில் மோதி நிற்பாள்.

பிப்ரவரி. ஒன்பது விநாடி,
வலது காலில்.
இடது இன்னும் நாணல்தான்.

அட்டையை மூடிவிட்டுக் குல்லாயைத் தேடிப் போனேன்.
நடைவழியில் லேலோ
பனிக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்,
நின்றபடி, எதையும் பிடிக்காமல்,
இடது காலில்,
மத்தியான சூப்பில் யாருக்குக் கேரட் அதிகம் என்று
யோசெப்போடு சண்டை போட்டுக்கொண்டே.

கடிகாரம் என் பைக்குள்.
எடுத்தால்
விழுந்துவிடுவாள்.