நிரந்தர முகவரி

வாடகைக்கு விடுபவர் நிரப்ப வேண்டிய படிவம்
முன்னும் பின்னுமாக ஒரே தாள்.
எம்.கே.பி. நகர் ஸ்டேஷன் வாசல் ஜெராக்ஸ் கடையில் மூன்று ரூபாய்.
மாடி அறைக்கு வந்த ஐந்து பேரும் எதிரே நிற்கிறார்கள்,
மணலியின் சிமெண்ட் இன்னும் காதுமடலில்.

"நிரந்தர முகவரி?"
பிபூதி ஜேனா மூச்சு விடாமல் சொல்கிறான்:
கிராமம், அஞ்சல், தாணா, கஞ்சாம் ஜில்லா,
ஏழு ஆறு ஒன்றில் தொடங்கும் பின்கோடு.
முப்பத்தோரு வருஷம் தபால் பிரித்த கை இது.
வியாசர்பாடியில் இவ்வளவு சுத்தமாக
முகவரி சொன்னவரை நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுத் தனகோடி கேட்டருகே வந்து
"வடக்கனுக்கா விட்ட?
ஊரே அவனுங்க கைக்குப் போயிடும் பாரு" என்கிறார்.
அவர் கையில் வாழையிலைப் பொட்டலம், அத்தோ.
பூண்டெண்ணெய் மோவாயில் வழிகிறது.

தாளைத் திருப்புகிறேன்.
உரிமையாளரின் பூர்வீகம் என்று ஒரு கட்டம்.
பேனா அங்கே நின்றுவிட்டது.

அப்பா பிறந்தது மோல்மேனில்.
அறுபத்து நாலில் அவர் சேர்த்து வைத்திருந்த நூறு சாட் நோட்டுகள்
கப்பல் வருமுன்பே செல்லாத காகிதம் ஆகிவிட்டன.
துறைமுகத்தில் அம்மாவின் தோட்டைத்
திருகிக் கழற்றிய அதிகாரி
திருகாணியை மட்டும் திருப்பிக் கொடுத்தாராம்.
எனக்கு அரை டிக்கெட்டும் இல்லை.
அம்மா வயிற்றில் ஆறு மாதம்.

அங்கே எங்களைக் 'கலா' என்றார்கள்.
கடல் தாண்டி வந்தவன் என்று அர்த்தமாம்.
இங்கே பர்மாக்காரன்.
அதற்கும் அதுதான் அர்த்தம்.
சகதியில் கயிறு பிடித்து அளந்து கொடுத்த இடத்தில்
ஓலை போட்டோம்.
அடிபம்பில் அம்மா குடத்தை வைத்தபோது
"உங்க பர்மாவுக்கே போய்க் குடிங்க" என்று
எட்டி உதைத்தவர் தனகோடியின் அப்பா.
பின்னி மில்லில் வேலை என்று நெல்லூரிலிருந்து
ரயிலேறி வந்தவருடைய மகன்.
திட்டும்போது மட்டும் அவருக்குத் தெலுங்கு வரும்.

பிரிக்கும் மேசையில் நாடு கிடையாது.
மர அறைகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு சீட்டு.
ஒருநாள் கஞ்சாம் அறையின் சீட்டு உரிந்து வந்தது.
அடியில் இன்னொன்று, மை வெளுத்து:
கஞ்சாம், மதராஸ் மாகாணம்.
முப்பத்தாறில் கத்தரித்திருக்கிறார்கள்.
அடுத்த வருஷம் பர்மாவை.
இந்தப் பையனின் முப்பாட்டன்
வீட்டில் படுத்திருந்தபடியே மதராஸ்காரன் இல்லாமல் போனான்.
என் தாத்தா
கடையைத் திறந்து கல்லாவில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டில் இருந்தார்.
யாரும் மூட்டை கட்டவில்லை.
கோடுதான் எழுந்து நடந்து போயிற்று.

பரம்பரையாய் இங்கேதான் என்கிறவர்களுக்கு
வந்த கடிதங்களும் பிரித்திருக்கிறேன்.
அவற்றிலும் பாதி
'வீடு மாறிவிட்டார்' என்று
சிவப்பு மையோடு திரும்பி வந்தன.

"உங்க ஊர்லேர்ந்து ரங்கூன் போனவங்க இருக்காங்களா?"
பிபூதி நால்வரையும் பார்த்துக்கொள்கிறான்.
"அஞ்சாம் தேதி கரெக்டா குடுத்துடுவோம், அம்மா."
வாடகையைக் கேட்டேன் என்று நினைத்துவிட்டான்.
போகட்டும்.
குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வரும்,
மோட்டார் போடாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பூர்வீகக் கட்டத்தில் கடைசியில்
'மேற்படி' என்று எழுதினேன்.

ஸ்டேஷன் ரைட்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"மேற்படின்னா? மேல ஒண்ணும் எழுதலையேம்மா."
"முன்பக்கம் பாருங்க, சார்."
பார்க்கவில்லை.
ஓங்கி ஒரு முத்திரை.
மை காய்வதற்குள் என் தோளுக்கு மேலாக
இன்னொரு கை ஒரு படிவத்தை நீட்டியது.
கொருக்குப்பேட்டை, ஒரே அறை,
ஒன்பது பேர்.