உடன் உறங்கத் தகுந்தது

மந்தல்கோவிச் சந்தையில்
மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தான் புரெவ்தோர்ஜ்.
பெண் பார்க்க வந்தவள்போல்
சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

ஈயத்தை எனக்குத் தெரியும்.
பதினோரு வருடம் எங்களோடு கிடந்தது.
அமிலம் கக்கிக் கம்பளத்தில் ஓட்டை போட்டது.
சார்ஜ் மிஞ்சினால் அழுகிய முட்டை நாற்றம்;
அப்போதெல்லாம் வீட்டுக்காரனின் சிகரெட்டைப் பிடுங்குவேன்.
வெடிப்பது நாற்றமே இல்லாத இன்னொரு வாயு என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
காலியாக விட்ட ஓர் இரவில்
உறைந்து, விலா வெடித்துச் செத்தது.

அடுத்தது, எங்கோ நொறுங்கிய காரின்
வயிற்றைக் கிழித்து எடுத்தது.
நிக்கல், கோபால்ட்.
ஒரு கையால் தூக்கிவிட்டேன்.
டிவி, ஃபோன், பாலாடை பிரிக்கும் மெஷின்
எல்லாவற்றையும் இழுக்குமாம். விலையும் பாதி.
செவெல்மா கூடாரத்தில் இருந்தது இதன் பங்காளிதான்.
எரியத் தேவையான மூச்சையும்
தனக்குள்ளேயே வைத்திருந்தது அது.
மணலை அள்ளிப் போட்டோம், பனியை அள்ளிப் போட்டோம்.
விடிந்தபோது
அடுப்பு மட்டும் நின்றுகொண்டிருந்தது,
சுற்றிலும் வீடு இல்லாமல்.
ஆட்கள் ஒட்டகம் தேடிப் போயிருந்தார்கள்.
அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் தூங்கினோம்.

“இது இரும்பு பாஸ்பேட். சாது.
ஆணி அடித்தாலும் புகையும், அவ்வளவுதான்.”
அந்தப் புகை என்ன செய்யும் என்று கேட்டேன்.
எண்ணிக்கொண்டிருந்த காசை
மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

பிறகு, போகிற போக்கில்:
“உறைகுளிரில் மட்டும் சார்ஜ் ஏற்றாதே.
உள்ளே ஊசி முளைக்கும். வெளியே தெரியாது.”
எங்களுக்கு அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை
உறைகுளிர்தான்.
ஆக, சாது மிரளாதிருக்க
அதையும் வீட்டுக்குள் படுக்க வைக்க வேண்டும்.

அடுத்த வருடம் உப்பில் ஒன்று வருகிறதாம்.
குளிருக்கு அவ்வளவாக அஞ்சாதாம்.
வரட்டும்.

இரண்டு கிடாயின் விலை கூடக் கொடுத்து
இரும்பைத்தான் ஏற்றி வந்தேன்.
கதவோரம்,
தாய் ஒதுக்கிய ஆட்டுக்குட்டிகளோடு
கம்பளி சுற்றிக் கிடக்கிறது.
ஒன்று அதன் ஒயரை நக்குகிறது, விரட்டுகிறேன்.
நடுவில் சாணம் தின்று சிவக்கும் அடுப்பு,
கோபம் வந்தால் முகத்தில் காட்டிவிடும்.
இதற்கு முகமில்லை.
சின்னதாய் ஒரு பச்சை விளக்கு.

நடுச்சாமத்தில் எழுந்து
குட்டிகளைத் தொட்டுப் பார்க்கிறேன்,
சூடு இருக்கிறதா என்று.
பிறகு அதே கையால்
அதையும்,
சூடு இல்லையே என்று.