மூன்றாவது பாட்டில்

பயிற்சி அட்டவணையில் திங்கட்கிழமை ஓய்வு.
போட்டுக் கொடுத்தவர் பெங்களூரில் இருக்கிறார்.
டயாலிசிஸ் வார்டில் மூன்றாம் ஷிப்ட்
நள்ளிரவில்தான் முடியும் என்பது அவருக்குத் தெரியாது.
பத்துக் கட்டில், பத்து எந்திரம்,
வெளியே போய்ச் சுற்றிவிட்டு
உடம்புக்குத் திரும்பும் ரத்தம்.
நின்றபடியே கழியும் என் ஓய்வு.

மாசியில் பந்தயம். கடலில் நீந்தி,
ஈரத்தோடு சைக்கிள் ஏறி, இறங்கி ஓட வேண்டும்.
நான் இதுவரை நீந்தியது
கணியம்பாடி தாண்டி நவநீதத்தின் கிணற்றில்.
ஒரு சுற்று முப்பது மீட்டர். ஐம்பது சுற்று.
படியில் உட்கார்ந்து
சுற்றுக்கொரு வேர்க்கடலையை மடியில் போடுவாள்.
முப்பதுக்கு மேல் கணக்கு உதைக்கும்.
"தின்னுட்டியா?"
"ரெண்டே ரெண்டு."
அந்த அறுபது மீட்டரை மறுபடி நீந்துவேன்.
இடப்பக்கமே திரும்பித் திரும்பிப் பழகிய உடம்பு
கடலில் நேரே போகுமா,
அங்கேயும் ஒரு கிணறு போடுமா?
ஏழு மணிக்கு மும்முனைக் கரண்ட்.
மோட்டார் ஓட ஆரம்பித்தால் நான் ஏறிவிட வேண்டும்.
இந்தச் செவ்வாய் ஏறும்போது
போன வாரத்தைவிட இரண்டு படி அதிகம்.

புதனும் வெள்ளியும் பாலாறு,
காட்பாடிப் பாலத்துக்குக் கீழே.
"ஆத்துல ஓடுறேன்" என்றால்
வெளியூர்க்காரர்கள் திருத்துவார்கள்.
வேலூரில் யாரும் திருத்தியதில்லை.
சீமைக்கருவேலத்தில் மாட்டிய பாலித்தீன் பை,
ஒற்றைச் செருப்பு, நாயின் கால்தடம்,
அதன்மேல் என் தடம்.
வட்டியைப் பிடித்துக்கொண்டே கடன் கொடுப்பவன் போல
ஒவ்வோர் அடியிலும் பாதியை
மணல் எடுத்துக்கொள்ளும்.

வியாழன் துணி துவைத்தேன்.

சனிக்கிழமை பாகாயம், கண்ணமங்கலம், ஆரணி,
வந்த வழியே திரும்பல்.
கேன் கட்டிய மொபெட்டில் கூடவே வந்த பால்காரர்
கொஞ்ச தூரம் என் தொடைகளின் பாட்டைப் பார்த்துவிட்டு
"ஏம்மா, பெட்ரோலுக்குக் காசு இல்லியா?" என்றார்.
ஆவணி வெயில். சித்திரையிடம் படித்த வெயில்.
மூன்றாவது பாட்டிலைத் திறக்கும்போது
சிகாமணி வந்துவிடுவார், எப்போதும் போல.

நான்காம் கட்டில்.
நாளைக்கு அரை லிட்டர், மாத்திரைக்கும் சேர்த்து.
ஒரு ஐஸ் கட்டியை
அரை மணிநேரம் நாக்கில் வைத்து ஓட்டுகிறவர்.
"சனிக்கிழமை எத்தினி பாட்டில் குடிச்ச?"
முதல்முறை குறைத்துச் சொன்னேன்.
"பொய் சொல்லாத. முழுசா சொல்லு,
கேக்க நல்லாருக்கு."
அன்றிலிருந்து மடக்கு மடக்காகச் சொல்கிறேன்.
எந்தப் புளியமரம், தண்ணீர் சுட்டதா,
கழுத்தில் எவ்வளவு வழிந்தது.

ஞாயிறு பதினாறு கிலோமீட்டர்.
ஐந்து மணி இருட்டில்
இறங்கும் இடத்தில் முதலில் சத்தம்தான் கேட்டது.
மோர்தானா நிரம்பி வழிந்ததாம்.
ராத்திரியே வந்துவிட்டது.
நாய்த்தடம் இல்லை, என் தடம் இல்லை,
செருப்பு எந்த ஊர் போய்ச் சேர்ந்ததோ.
விடிய விடியப் பாலத்தில் லுங்கியோடு, நைட்டியோடு,
பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனம்.
ஒருவர் கைப்பிடிச் சுவரில் கற்பூரம் ஏற்றினார்.
கூட்டத்தை விரட்டிக்கொண்டே போன போலீஸ்காரர்
கடைசியில் தானும் எட்டிப் பார்த்தார்.
கைக்கடிகாரத்தை அழுத்தியிருந்தேன், நிறுத்த மறந்தேன்.
ஒன்றரை மணிநேரம். பூஜ்யம் கிலோமீட்டர்.
'சேமிக்கவா, அழிக்கவா?' என்றது.
சேமித்தேன்.

மறுநாள் இரவு,
ஊசிக்குக் கையை நீட்டியபடி சிகாமணி:
"நேத்து ஓடினியா?"
"ஓடுச்சு" என்றேன்.
ஒரு நொடி புரியாமல் பார்த்தார்.
பிறகு தலையணையை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டு,
"ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டா?"

தொட்டுக்கிட்டுத்தான் என்று ஆரம்பித்தேன்.

"மெதுவா சொல்லு," என்றார்.
"நாலு மணிநேரம் இருக்கு."