எழுபது டச்

மூன்றாம் முறையாகப் படியேறினேன்,
செவ்வாய்ப்பேட்டை, தீர்த்தகிரி கொலுசுக்கடை.
"ஓசியில தர்றவனுக்கு என்ன லாபம், அதைச் சொல்லு."
சொன்னேன். காதில் ஏறவில்லை,
பட்டறைச் சத்தம் என்று வைத்துக்கொள்வோம்.

ஐப்பசியில், விலைகொடுத்த அந்த மென்பொருள்
உரிமம் முடிந்ததென்று வாயை மூடிக்கொண்டது.
நாலு வருடக் கணக்கு உள்ளே.
ராஜ்கோட் பார்ட்டி வெளியே, செருப்போடு.
ரெஜினா பழைய நோட்டைத் தூசிதட்டிக்
கையால் பில் எழுதினாள்,
யாரையும் திட்டாமல்.

மறுநாள் தட்டுவடை செட்டோடு போனேன்.
"வெட்டிப் பார்க்காமல் வெள்ளி வாங்குவீங்களா?"
"எவன் வாங்குவான்?"
"இதை வெட்டிப் பார்க்கலாம். யார் வேணும்னாலும்."

மெல்லுவதை நிறுத்தினார்.
"எனக்கு வெட்டத் தெரியாதேப்பா."

ரெஜினா தலை நிமிரவில்லை:
"டச் பார்க்கவும்தான் நமக்குத் தெரியாதுண்ணே.
மூணு கடைக்கு அனுப்பித்தானே கேக்கறோம்."

பழைய கணினியிலேயே ஏற்றிவிட்டேன்.
கொம்பு ஒடியாமல்
'கொலுசு' என்று விழுகிறது திரையில்.
பிரிண்டர் மட்டும் மல்லுக்கு நிற்கிறது,
அதை அவரிடம் மறைக்கவில்லை.
நாளையும் படியேற வேண்டும்.

ஷட்டரை இறக்கும்போது மறுபடி கேட்கிறார்:
"அவனுக்கு என்னதான் லாபம்?"