சுடலைமு

வியாழன் மாலை வந்து இறங்கினேன்.
திங்கள் காலை ஏழே முக்காலுக்கு இன்டர்ன்ஷிப்.
இடையில் கிடக்கிற நாட்களை
என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை,
ஊருக்கும் தெரியவில்லை.

வூப்பர்டால்.
சூடான காப்பியை ஊதுவது போலத்தான்
இந்த ஊரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாலாம் மாடி. எழுபத்தெட்டுப் படிகள்.
ஜன்னல் கைப்பிடியைத் திருகினேன்,
ஜன்னலே பெயர்ந்து என் மேல் சாய்ந்தது.
இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு
தமிழில் கத்தினேன்.
வீட்டுக்காரம்மா ரோஸ்விதா வந்து
என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.
ஜன்னல் விழவில்லை.
அது அப்படித்தான் திறக்குமாம்.

பிறகு தபால் பெட்டிக்குப் பெயர் கேட்டார்.
எழிலரசி, என்றேன்.
அது இல்லை, குடும்பப் பெயர்.
குடும்பத்துக்கு ஏது பெயர்?
எனக்கு இருப்பது ஓர் எஸ்,
எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு புள்ளி.
பாஸ்போர்ட்டை நீட்டினேன்.
அதில் அந்த இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

ரோஸ்விதா பட்டை வெட்டி
பெரிய எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினார்.
ஒன்பதாம் எழுத்தில் பட்டை தீர்ந்தது.
சுடலைமு.
தபால்காரருக்கு இது போதும், என்றார்.

ஊரில் எல்லையில் நிற்கிற சாமி.
இங்கே நாலாம் மாடிக்குக் கடிதம் வாங்குகிறார்.
கோவில்பட்டியில் பஞ்சர் ஒட்டும் அப்பாவுக்கு
பாஸ்போர்ட் கிடையாது.
பெயர் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது,
வழியில் எங்கோ
பாதி முத்தை உதிர்த்துவிட்டு.

வெள்ளிக்கிழமை, முகவரிப் பதிவு அலுவலகம்.
"ஃப்ராவ் சுடலைமுத்து!"
அம்மாவை எதற்கு இங்கே கூப்பிடுகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்.
மூன்றாம் முறைதான் எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பதை
ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.
தயிர் என்று வாங்கிவந்தது தயிரும் இல்லை,
கரண்டி அதில் செங்குத்தாக நின்றது.
உப்பும் தண்ணீரும் விட்டு வெகுநேரம் கரைத்தேன்.
கடைசியில் மோராக இருக்கச் சம்மதித்தது.

சாப்பிட்டுவிட்டு ஒத்திகைக்குக் கிளம்பினேன்.
தண்டவாளம் தலைக்கு மேலே,
ஆறு காலுக்குக் கீழே,
நடுவில் தொங்கிக்கொண்டு போகிற ரயில்.
வளைவுகளில் லேசாக ஆடுகிறது.
ரொம்ப காலம் முன்பு இதிலிருந்து
ஒரு சர்க்கஸ் யானைக்குட்டி ஆற்றில் விழுந்து
எழுந்து நடந்து போனதாம், ரோஸ்விதா சொன்னார்.
எந்த இடமாயிருக்கும் என்று
வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்தேன்.
ஒரு ஜன்னலில்
பனியன் போட்ட ஒருவர்
ஒரே ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
அவருக்கும் நாளை திங்கள்தான்.

முப்பத்தொரு நிமிடம்.
இறங்கி ஏறுமேட்டில் இன்னும் பன்னிரண்டு.
தொழிற்சாலைக் கேட் பூட்டியிருந்தது.
காவல் அறையிலிருந்தவரிடம்
நான் சேர்த்துவைத்திருந்த ஜெர்மனில் சொன்னேன்:
நாளை. நான். இங்கே.
பட்டியலில் அவர் விரல் இறங்கி நின்றது.
"ஹெர் சுடலைமுத்து?"

இல்லை ஐயா, அவர் வரமாட்டார்,
திங்கட்கிழமை கடையில் கூட்டமாயிருக்கும்,
அவர் அனுப்பித்தான் நான் வந்திருக்கிறேன்.
இதற்கெல்லாம் என்னிடம் ஜெர்மன் இல்லை.
நைன், என்றேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
பேனா எடுத்து ஹெர்ரை அடித்தார்.
ஃப்ராவ் எழுதவில்லை.
அந்த இடம் காலியாகவே இருந்தது,
எனக்கு அது பிடித்திருந்தது.

இரவு பத்துக்கு மேல்
எழுபத்தெட்டுப் படியும் மறுபடி இறங்கினேன்.
பட்டையின் இடது ஓரத்தில்
மயிரிழை அளவு வெள்ளை மிச்சமிருந்தது.
தமிழிலேயே எழுதினேன்: எ.
புள்ளியும் வைத்தேன்.

எ. சுடலைமு.

இருபத்தொரு வருடம் என் பெயருக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாய்க் குறுகி நின்ற மனுஷன்.
கொஞ்ச நாள் நான் நிற்கிறேன்.

தபால்காரருக்குப் புரியாது. பரவாயில்லை.

இஸ்திரிப் பெட்டி இல்லை.
சட்டையை நான்காக மடித்து
மெத்தைக்கு அடியில் வைத்து
அதன் மேல் படுத்துக்கொண்டேன்.
அலாரம் ஐந்தரைக்கு.